முத்தம்மா தெளித்த தண்ணீர்

1

கண்ணுகளா, இந்தக் கதை எனக்குப் புல்லில் கிடைத்தது. மந்தைவெளிப் பூங்காவில் சாயங்காலம் என் கதை கேட்க வந்து உட்காருகிறீர்களே, அதே புல். என்ன உரம் போடுகிறீர்கள் என்று லாரியோடு வந்த தங்கவேலிடம் கேட்டேன்.

"எல்லாம் உங்க வூட்லேந்து வந்ததுதாம்மா," என்று சிரித்தார்.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்தபின் மிஞ்சும் கசடைச் சுழலும் உருளையில் போட்டுச் சூட்டில் உலர்த்துகிறார்களாம். கிருமி செத்து, கசடு மணல் போல உதிர்ந்துவிடுமாம். அந்த உருளையை ஓட்டுபவர் அவர்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நாற்றம் பிடித்த அந்தக் கொட்டகையில்

(அடித்துவிட்டேன். நாற்றம் நம்முடையது. கொட்டகை என்ன செய்யும்?)

மறுபடியும். கசடு உலர்த்தும் கொட்டகையைப் பெருக்கப் புதிதாக வந்தவள் முத்தம்மா, சைதாப்பேட்டைக்காரி, ஒப்பந்த வேலை. உலர்ந்த குவியலிலிருந்து தூசி பறந்தது. காலையில் தன் வீட்டு வாசலில் செய்வதையே இங்கும் செய்தாள்: கைக்குக் கிடைத்த வாளியில் தண்ணீர் பிடித்து, நிதானமாகத் தெளித்தாள். (கோலமும் போட்டிருப்பாள் என்பது என் கற்பனை.)

"யக்கா, இன்னா பண்ணிட்ட! ஈரக் கசடு அள்ற வாளிக்கா அது! அதுல கீற கிருமி இதுல ஏறி, ஈரத்துல பெருகிடும்!" என்று ஓடி வந்தார் தங்கவேல்.

"தூசி பறக்குதே நைனா. தெளிக்காம எப்டிப் பெருக்கறது?"

நம் பூங்காவுக்கான லாரி வெளியே நின்றிருந்தது. குவியலை மறுபடி உலர்த்தினால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் முத்தம்மாவின் வேலை போய்விடும்.

3

இந்த இடத்தில் அவளை வாயடைத்து நிற்க வைத்திருந்தேன். தங்கவேல் பொய் சொல்லிக் காப்பாற்றுவதாக எழுதினேன். அவள் ஒத்துழைக்கவில்லை.

"லாரி ஏன் இன்னும் கெளம்பல?" என்று மேற்பார்வையாளர் தனபாலன் வந்தார்.

"மிஷின்ல கொஞ்சம் சார்..." தங்கவேல் இழுத்தார்.

"மிஷின் நல்லாத்தான் கீது," என்றாள் முத்தம்மா. "நான்தான் சார் தண்ணி தெளிச்சிட்டேன். பார்க்குல புள்ளைங்க கைய வெச்சு ஆடும். மறுக்கா காய வெச்சு அனுப்புங்க."

குவியல் சூட்டுக்குள் திரும்பியது. லாரி காலியாகப் போனது. உரம் வராத அந்த நாட்களில்தான், புல் மஞ்சளாகிவிட்டது என்று நீங்கள் முணுமுணுத்தீர்கள். நானும்தான். நமக்காக ஒருத்தி தன் சோற்றைப் பணயம் வைத்திருந்தது அப்போது நமக்குத் தெரியாது.

4

தனபாலன் வாயைத் திறந்தார்: "முத்தம்மா, நாளையிலேர்ந்து நீ

இங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். 'வர வேணாம்' என்றும் முடிக்கலாம். 'காஞ்ச பக்கத்துக்குத் தனி வாளி வெச்சுக்க' என்றும் முடிக்கலாம். என் ஆசை எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

இத்தனை நாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டீர்கள், மகராசர்களே. இன்று உள்ளங்கையை ஒருமுறை இந்தப் புல்லின் மேல் வையுங்கள். வைத்துக்கொண்டே அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். நான் கேட்கிறேன்.