தந்தம் இருந்த பக்கம்

வேட்டைக்கு ஆள் கூட்டிவரும் ஹென்னிங் தொலைநோக்கியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"மறுபக்கத் தந்தமும் இதே நீளமா?"

"அதே நீளம்தான்" என்றேன். நாக்கு கூசவே இல்லை.

குவாண்டோ ஆற்றோர நாணலுக்குள் நின்ற அந்தக் கொம்பனை எனக்குத் தெரியாதா? வலப்பக்கம் ஒடிந்துபோன மொட்டை. போன அறுவடைக்கு முன்னால் எங்கள் சோளக்கொல்லையில் புகுந்து, தகரம் தட்டி விரட்டப்போன என் புருஷன் முபிட்டாவைத் தூக்கி அடித்தது இதுதான். இதைச் சுடச் சொல்லி வேட்டைக்கு அனுமதி கொடுக்கும் ஊர்ச் சங்கத்து வாசலில் தவம் கிடந்தேன். "ஒத்தைத் தந்தத்துக்கு எந்த வெள்ளைக்காரன் வருவான்?" என்றார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. வேட்டைக்காரர்களால்தான் ஊருக்குக் குழாய் வந்தது, எனக்குத் தடம் பார்க்கும் வேலை வந்தது. யானை விழுந்தால் வீட்டுக்கு வீடு கறி. யானை பாவம் என்று ரேடியோவில் உருகுகிறவர்கள் ஒரு ராத்திரி எங்கள் கொல்லையில் வந்து படுத்துப் பார்க்கட்டும்.

காற்று மாறிவிட்டது என்று சொல்லி, எல்லோரையும் சுற்றவிட்டு யானையின் இடப்பக்கமாகவே கூட்டிவந்திருந்தேன். கூடத் தடம் பார்க்கும் லுபிந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, வேலை போயிடும்" என்று கிசுகிசுத்தான்.

"போனா போகட்டும்டா. வாயப் பொத்திக்கிட்டு வா."

ஹென்னிங் கூட்டிவந்திருந்த வெள்ளைக்காரன் சுட்டான். ஒரே குண்டு. பின்கால் மடங்கி உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தது. ஹென்னிங் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தான்.

"ஏமாத்திட்டியேடி, நாசமாப் போனவளே! இனிமே இந்தக் காட்டுப் பக்கம் உன்னைப் பாத்தேன்..."

கத்தட்டும். நான் யானையின் முகத்தருகே போனேன். சாகும்போது அது என்னைப் பார்க்க வேண்டும், இன்னார் பெண்டாட்டி என்று நான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாள் சோறு தின்றேன். கண் திறந்துதான் இருந்தது, உயிர் இல்லை. முபிட்டா விடியும்வரை தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டு கிடந்தார். இதற்கு வலிக்கக்கூட நேரமில்லை.

வெடிச்சத்தம் கேட்டதுமே ஊர்ப் பெண்கள் பேசின்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் சிரிப்பு நெருங்கி வந்தது. முதல் துண்டு உன்னுடையது என்பதுபோல் லுபிந்தா கத்தியை நீட்டினான். நான் வாங்கவில்லை. கையிலிருந்த தடியால் தும்பிக்கையில் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

"எந்திரி! எந்திரி, சனியனே!"