சின்ன வட்டம்

காலையில் செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். பஸ் ஓட்டப் போகிற அவசரத்திலும் கணவர்தான் பார்த்தார். "சாம்பியனுக்கு இடது வலது மறந்துபோச்சு. இன்னைக்கு பைனல்ஸ் வேற!" அவளும் சேர்ந்து சிரித்தாள். குனிந்து மாற்றிப் போட்டுக்கொண்டாள். போன வாரம் இதே கதவுக்கு முன்னால், சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றதை அவரிடம் சொல்லவில்லை.

அவள் ஆடுவது லான் பவுல்ஸ், புல்தரையில் பந்தை உருட்டிக் குறிப்பந்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிற ஆட்டம். அந்தப் பந்துக்கு நேராக ஓடுகிற குணமே கிடையாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும்படிதான் செய்திருப்பார்கள். பந்தின் ஒரு பக்கத்தில் பெரிய வட்டம், மறுபக்கத்தில் சின்ன வட்டம் பொறித்திருக்கும். சின்ன வட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வளையும். மாற்றிப் பிடித்து உருட்டினால் போச்சு, பந்து பக்கத்து ஆட்டக்காரர்களின் காலடியில் போய் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு அது. பழைய ஆள் செய்தால் வருடக்கணக்கில் கிண்டல் ஓயாது. அவளோ பந்தைப் பார்த்தே பிடித்ததில்லை. அலமாரி நிறையக் கோப்பை வாங்கித் தந்தது, வட்டத்தைத் தடவியே பக்கம் கண்டுபிடிக்கும் அவள் கட்டைவிரல்தான்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். மைதானமே கைதட்டிச் சிரித்தது. ஜோடியாக ஆடும் தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சரான அவள், வீடு திரும்பும் வழியில் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, டாக்டர்ட்ட ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?"

"ஏண்டி, ஒரு பந்து மாறிப் போனதுக்கா?"

"அதுக்கில்லக்கா. மாறிப் போனப்புறமும், அது திரும்பி வரும்னு பார்த்துக்கிட்டே நின்ன பாரு. அதுக்குத்தான்."

அவளுக்குச் சுருக்கென்றது. "பைனல்ஸ் முடியட்டும்" என்றாள். டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் யாரும் தன் கையில் பந்தைத் தரமாட்டார்கள் என்று பயந்தாள். அந்தப் புல்லில் நிற்கும்போதுதான் அவள் யாருக்கும் சமைக்கவேண்டியவளாக இல்லை.

இன்றைய பைனல்ஸ் கடைசிப் பந்துவரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு அணியும் சமம். எதிர்முனையில், குறியாக வைத்த வெள்ளைக் குட்டிப் பந்துக்குப் பக்கத்தில் தங்கச்சி நின்றாள். வலப்பக்கமாக விட்டு உள்ளே வளைத்துக் கொண்டுவா என்று கையை உயர்த்திக் காட்டினாள். இதெல்லாம் அவளுக்குக் கைவந்த ஆட்டம்.

பந்தை எடுத்தாள். கட்டைவிரல் தடவிப் பார்த்தது. சின்ன வட்டம் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

சின்ன வட்டம் உள்பக்கம் இருக்கவேண்டுமா, வெளிப்பக்கமா?

பந்தைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். ஆடவந்த நாளிலிருந்து முதல்முறையாகக் குனிந்து உற்றுப் பார்த்தாள். வட்டம் தெரிந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் தெரியவில்லை. நடுவர் தொண்டையைச் செருமினார். கைக்குத் தெரியும், இத்தனை வருடம் பழகிய கை, அது ஏமாற்றாது என்று சொல்லிக்கொண்டு உருட்டிவிட்டாள்.

நல்ல வேகம். வேலி ஓரம் நின்ற கூட்டம் பந்தோடு சேர்ந்து சாய்ந்தது. பாதி தூரம் தாண்டியது, வேகம் குறைந்தது. எல்லாக் கண்ணும் பந்தின் மேல். தங்கச்சி மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. உயர்த்திய கையை இறக்க மறந்து, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்து வளையத் தொடங்கியது.