வழுக்கும் பக்கம்

நவம்பர் பதினான்காம் தேதி காலை, பிளாஸ்டிக் பிலிம் ஆலையின் இரண்டாம் எந்திரத்தில் பூச்சு ஏறிய ரோல் ஒன்று சோதனையில் தேறவில்லை.

சோதனை மேசையில் இருந்தவள் அந்த எந்திரத்து ஆபரேட்டரின் அக்கா. மாத்திரை அட்டைக்குப் போகும் பிலிம் அது. ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்தாள். பூச்சு முழுதாகப் பெயர்ந்து வந்தது. பூச்சை உலர்த்தும் அடுப்பில் சூடு போதவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். மின்சாரம் காட்டிப் பதப்படுத்திய பக்கம் விரலை லேசாகப் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும், பூச்சு அதில் ஒட்டாது. பூச்சு வழுக்கும் பக்கத்தில் ஏறியிருந்தது. ரோலை மாட்டும்போது ஆபரேட்டர்கள் எல்லாரும் விரலால்தான் பக்கம் பார்ப்பார்கள். தம்பி ஒருநாளும் தவறியதில்லை.

துண்டு ஒன்றை வெட்டிக்கொண்டு எந்திரத்தடிக்குப் போனாள்.

"அக்கா டேப்போட வந்தா எந்திரத்துக்கே காய்ச்சல் வருது" என்றான் தம்பி.

"கண்ண மூடிட்டு இத தடவு. எந்தப் பக்கம்?"

தடவினான். திருப்பித் தடவினான். சிரிப்பு மெல்லக் கழன்றது.

"ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா இருக்கு."

"எப்பலேர்ந்துடா?"

"மழைக்கு முன்னாடியே. சட்டை பட்டன்கூட பொண்டாட்டிதான் போட்டு விடுறா. பூச்சுல கலக்குற இந்தத் தின்னர் நரம்பத் தின்னுருச்சுன்னு டாக்டர் சொல்றாரு. இத விட்டு விலகணுமாம்."

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா எந்திரத்த விட்டு எறக்கிடுவீங்க. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு? அடுப்புல கோளாறுன்னு எழுதிடுக்கா. இனிமே மருந்துப் பேனாவால கோடு போட்டுப் பாத்து மாட்டுறேன்."

அந்தப் பேனாவின் மை பதப்படுத்திய பக்கத்தில் பரவும், மறுபக்கத்தில் திரளும்; பக்கம் தெரிந்துவிடும். ரோலும் கெடாது. ஆனால் அவன் தினமும் அந்த நெடியில்தான் நிற்பான். முகக்கவசத்துக்குள்ளும் அது புகுந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கையே போயிடும்டா."

"போனது போகட்டும். நீ வாயத் தொறக்காம இரு, போதும்."

அவள் மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். திரும்பி வந்தபோது தம்பி எந்திரத்தை நிறுத்திவிட்டு, அவளைப் பார்க்காமல் உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே அட்டைப் பெட்டிகளை மடிக்கக்கூட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஜனவரியில் வேலையை விட்டு அனுப்பினார்கள். உணர்ச்சி திரும்பவில்லை. அக்காவோடு அவன் பேசுவதில்லை.