சீர் காரின் ரிலே

அன்று காலை கப்பலூர் வீட்டு வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர்: சிவனாண்டி, அவர் மனைவி ஒச்சாயி, அவருடைய அத்தை மாயக்காள், ஒச்சாயியின் தம்பி மருது, காருக்கு வயரிங் செய்த கருத்தக்கண்ணன். வேறு ஒருவரும் இல்லை. பிற்பாடு தாங்களும் அங்கே நின்றதாகச் சொன்னவர்களைக் கூட்டினால் ஒரு டவுன் பஸ் நிறையும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம். சோழவந்தானில் சிவனாண்டியின் தங்கை செல்லத்தாய் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அந்த மடி சிவனாண்டியின் மடி. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் பங்காளி விருமனும் செல்லத்தாய்க்குச் சித்தப்பா மகன், அண்ணன் முறை. கோயிலில் முதல் மாலை யாருக்கு என்ற தகராறில் சிவனாண்டியோடு பேச்சை நிறுத்தியவன். அவனும் முந்தின நாளே சோழவந்தானுக்குப் போய் உட்கார்ந்திருந்தான்.

ஆகவே சீர் சாதாரணமாகப் போகக் கூடாது. சிவனாண்டி தன் அம்பாசிடரின் முன்னால் இரண்டு பெரிய மஞ்சள் விளக்குகளும், உள்ளே கேசட் செட்டும், அதற்கு ஆம்ப்ளிஃபயரும், கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கரும் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் விளக்கைப் போட்டு, பாட்டை வைத்து, சீர் வருகிறது என்று தெரிவித்துவிட்டுப் போக வேண்டும். கருத்தக்கண்ணன் பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, நடுவே ரிலே என்ற சின்னப் பெட்டியை வைத்தான். டேஷ்போர்டு சுவிட்சுக்கு மெல்லிய வயர் போதும். சுவிட்சு தட்டினால் ரிலே மூடிக்கொள்ளும். விளக்கும் பாட்டும் இழுக்கும் கரண்ட் முழுவதும் தடித்த வயர் வழியே போகும்.

தட்டுகளை ஏற்றியாயிற்று. மருது வண்டியில் உட்கார்ந்து விளக்குச் சுவிட்சைத் தட்டினான். டேஷ்போர்டுக்கு அடியில், இடப்பக்கம், “டிக்” என்றது.

மாயக்காள் வண்டியில் ஏறத் தூக்கிய காலை இறக்கினாள். “நிப்பாட்டுங்கப்பா. பல்லி சொல்லுது.”

எல்லோரும் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்து மறுபடி வந்தார்கள். மருது தட்டினான். “டிக்.”

“அது பல்லி இல்ல அப்பத்தா, ரிலே” என்றான் கருத்தக்கண்ணன்.

“பல்லியோ, பெட்டியோ. பொறப்படயில எடப்பக்கம் சத்தம் கேட்டுச்சா இல்லியா?”

“கேட்டுச்சு.”

“அப்பறம் என்ன?”

மருது சிரித்தான். “ஒரு பொட்டிக்குள்ள இம்புட்டு சகுனமா? மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க.”

சிவனாண்டிக்கு அது பல்லி இல்லை என்று தெரியும். ஆனால் மாயக்காள் வாயை அடைக்க முடியாது. சகுனத்தடையோடு வந்த சீர் என்று பந்தியில் அவள் ஒரு வார்த்தை விட்டால் விருமனுக்கு அது போதும். “கழட்டிருப்பா” என்றார்.

கருத்தக்கண்ணன் தலையைச் சொறிந்தான். “கழட்டுனா நேரா சுவிட்சுல குடுக்கணும்ணே. வயரு மெல்லிசு.”

“எம்புட்டுத் தூரம், இங்கன இருக்கிற சோழவந்தான்தானே. தாங்காதா?”

“தாங்கும்னுதான் நினைக்கேன்” என்று சொல்லிவிட்டு அவன் கழற்றினான். அப்புறம் சத்தமே இல்லை. மாயக்காள் திருநீறு பூசிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

நாகமலைப் புதுக்கோட்டைவரை பாட்டும் விளக்குமாக ராஜநடைதான். ஊர் தாண்டியபின் ரப்பர் கருகும் வாடை வந்தது. மருது ஓரம் கட்டுவதற்குள் டேஷ்போர்டின் அடியிலிருந்து புகை வந்தது. பாட்டு இழுத்துக்கொண்டே போய் நின்றது. இன்ஜினும் நின்றது. மெல்லிய வயர் உருகி, இன்ஜின் சாவிக்குப் போகும் வயரோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மருது பேட்டரி முனையைப் பிடுங்கி, மணலை அள்ளிப் போட்டு அணைத்தான்.

“வெளக்கப் போட்டே வந்தியாடா?” என்றாள் மாயக்காள்.

“நீங்கதான் ஊரு தாண்டியும் அணைக்காம வான்னு சொன்னீங்க.”

சிவனாண்டி கருகிய வயரைத் தொட்டுப் பார்த்தார். சுட்டிருக்க வேண்டும். சுட்டதாகத் தெரியவில்லை. சாலையில் போகிறவர்கள் நின்று கேட்டதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. ஒச்சாயி தட்டுகளை இறக்கி வரிசையாக வைத்தாள். வந்த பஸ்ஸில் அத்தனை தட்டுகளுக்கு இடமில்லை. கடைசியில் செங்கல் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று நின்றது. தாய்மாமன் சீர் செங்கல்மேல் உட்கார்ந்து மேலக்கால் வழியாகப் போனது.

அவர்கள் பந்தலில் நுழைந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. குழந்தை அழுது ஓய்ந்து, காதில் தோட்டோடு, விருமன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

தங்கை புருஷன் முத்திருளன் எழுந்து வந்தார். “என்ன மச்சான் இது. நேரம் போகுதுன்னு ஆசாரி கத்துறாரு. என்னத்தச் செய்ய? அவரும் அண்ணன் முறைதானே.”

“சரிதான் மாப்ள” என்றார் சிவனாண்டி.

செல்லத்தாய் தட்டை வாங்கினாள். “வாண்ணே” என்றாள். அண்ணனின் வேட்டி முழுக்கச் செங்கல் பொடி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை.

விருமன் மடியிலிருந்த குழந்தையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, “வண்டி மக்கர் பண்ணிருச்சாக்கும்?” என்று கேட்டான். பேச்சை நிறுத்தியபின் அவன் சிவனாண்டியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“ஆமா” என்றார் சிவனாண்டி. அதற்குமேல் அவருக்குள் எதுவும் எழவில்லை. கோபம்கூட வரவில்லை. பந்தியில் விருமனுக்கு நேர் எதிரே உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தார். இலையில் விழுந்த எதற்கும் ருசி இல்லை. எழுந்துபோனால் தங்கை வீட்டோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். கை தானாகப் பிசைந்தது. வாய் தானாக மென்றது.

சிவனாண்டி இலையை எத்திவிட்டு எழுந்தார், அன்றோடு தங்கை வாசல் மிதிக்கவில்லை என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவர் மோருக்கும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டுத்தான் எழுந்தார்.