மேசை முழுக்க மீன்கண்

அந்த இரும்பு மேசைக்குப் பெயிண்டே கிடையாது. வாங்குகிறவருக்கு இரும்பு இரும்பாகவே தெரிய வேண்டுமாம். பளபளவென்று தேய்த்து, துருப்பிடிக்காமலிருக்க மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு அடித்தால் தீர்ந்தது. பட்டறையில் அதைக் கிளியர் என்பார்கள். பெயிண்ட் என்றால் பத்துக் குற்றத்தை மூடி மறைக்கும். கிளியரோ ஒன்றை நூறாக்கிக் காட்டிக் கொடுக்கும்.

கொடுத்தும் விட்டது. மேசைப் பரப்பெங்கும் கடுகு கடுகாகக் குழி. நடுவில் வெறும் இரும்பு தெரிய, சுற்றிலும் கிளியர் தீட்டுப்பட்டதுபோல் ஒதுங்கி நின்றது. அதற்குப் பேர் மீன்கண்.

"நீ தொட்டதெல்லாம் முழிச்சு முழிச்சுப் பாக்குதேடா," என்றார் மேஸ்திரி.

"கம்ப்ரஸர்லேர்ந்து எண்ணெய் வருதோ என்னமோண்ணே."

"அதே கம்ப்ரஸர்தான் எனக்கும் காத்து குடுக்குது. என் நாற்காலியப் பாரு, ஒரு கண்ணு இருக்கா? ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்." சாவிக் கொத்தை அவன் கையில் போட்டார். "நாளைக்கு லீவு. ஒருத்தரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க, நிதானமா சரி பண்ணு. திங்கக்கிழமை மொதலாளி வந்து பாப்பாரு. மேசை தேறுனா நீயும் தேறுவ. இல்லேன்னா நான் வாயத் தொறக்க முடியாது தம்பி."

தேறாவிட்டால் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. வந்த விமானத்தின் சத்தமே இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது அது போட்ட கூச்சலுக்கு, "ஏய், மெதுவா" என்று சொல்லக்கூட ஆள் இல்லை. மற்றவர்களுடைய மேல்சட்டைகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழிகளை உப்புத்தாளால் தேய்த்தான். அழுத்தினால் இரும்பில் கீறல் விழும், அழுத்தாவிட்டால் குழியின் விளிம்பு போகாது. கைபேசியை மரப்பெட்டிமேல் சாய்த்து வைத்து, "வேலை நல்லாப் போகுது, எல்லாரும் நல்லாப் பேசுறாங்க" என்று வாயால் சொன்னான். அது எழுத்தாக்கி வீட்டுக்கு அனுப்பியது.

மதியம் சாப்பிட்டு வந்து, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து மேசையைத் துடைத்தான். பூச்சடிக்கும் துப்பாக்கியைப் பிடித்து, ஒரே சீராக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்தான். பளிச்சென்று படிந்தது. மூச்சை விட்டான். விட்ட மூச்சு முடிவதற்குள் ஒரு கண் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவன் துணியை வீசித் துடைத்த வழியிலேயே, வளைவு வளைவாக, மேசை முழுக்க முழித்துக்கொண்டது.

மறுபடி துணியைக் கையில் எடுக்கையில் கைபேசி அடித்தது. அக்கா.

"என்னடா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"முகமூடி போட்டிருக்கேன்கா."

"கை எப்படி இருக்கு? நான் குடுத்துவிட்டத தடவுறியா?"

தின்னர் பட்டுப் பட்டு அவன் கை வெடித்துப்போயிருந்தது. அதைக் கேள்விப்பட்டு, மெழுகும் எண்ணெயும் உருக்கி, டப்பியில் ஊற்றி, இந்தப் பக்கம் வந்த ஒருவரிடம் அக்கா கொடுத்தனுப்பியிருந்தாள்.

"தடவுறேன்கா."

"சும்மா தலையாட்டாத. இன்னிக்குத் தடவுனியா?"

"இப்பதான்கா. சாப்ட்டுட்டு விரல் இடுக்கெல்லாம் நல்லா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். கையைப் பார்த்தான். கையிலிருந்த துணியைப் பார்த்தான்.

"டேய், இருக்கியா?"

"அப்பறம் பேசுறேன்கா."

கழிவுத் தகடு ஒன்றை எடுத்தான். பாதியை அந்தத் துணியால் துடைத்தான். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, புதுத்துணி கிழித்து, மறுபாதியைத் துடைத்தான். அடித்தான். அக்காவின் பாதி பொக்குப் பொக்கென்று கண் திறந்தது. மறுபாதி காற்றில்லாத குளம்போல் படுத்துக் கிடந்தது.

அவளிடம் சொன்னால் முதலில் சிரிப்பாள். அப்புறம் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு, "நானே உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டேனா" என்று மூக்கை உறிஞ்சுவாள். சொல்வதற்கில்லை.

மேசையில் இருந்த பூச்சையெல்லாம் தின்னர் ஊற்றி வழித்தெடுத்தான். எண்ணெய்ப் பசை போன கையில் வெடிப்புக்குள் தின்னர் இறங்கியதும் உயிர் போய் உயிர் வந்தது. "அம்மா" என்று கத்தினான். பட்டறை அதைத் திருப்பிக் கத்தியது. புதுத்துணியால் மறுபடி மறுபடி துடைத்து, கிளியரைப் பனிபோல மெல்லிசாக ஒன்று, காய்ந்ததும் நிறைவாக ஒன்று அடித்தான். பக்கத்தில் நின்று காவல் காத்தான். ஒரு கண்கூடத் திறக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீடியோவில் வீட்டைக் கூப்பிட்டான். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கேமராவை மேசைப் பக்கம் திருப்பினான்.

"ஆத்தாடி, கண்ணாடி மாதிரில்ல இருக்கு!" என்றாள் அக்கா. "ஆமா, அங்க யாருடா நிக்கிறது?"

"எங்கக்கா?"

"மேசைகிட்ட. மூஞ்சி சரியாத் தெரியல. கூட வேலை பாக்குற பையனா?"

மேசைக்குள் ஒருவன் மங்கலாக, கைபேசி பிடித்த கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான்.

அம்மாவின் குரல் குறுக்கே வந்தது. "கூட ஆள் இருக்கா? அப்பாடா! லீவு நாள்ல புள்ள ஒத்தையா இருக்குமேன்னு காலைலேர்ந்து சோறே எறங்கல."

"இருக்கான்மா," என்றான் அவன்.

"அந்தத் தம்பி சாப்ட்டுச்சான்னு கேளு."

மேசைக்குள் நிற்பவனைக் குனிந்து பார்த்தான்.

"இனிமேதான் சாப்பிடணுமாம்மா."