ரேடியோ வாசித்த ஆறு எண்கள்

பெரிய மருத்துவமனை ஒன்றில் புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதித் தரும் ஜன்னலில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன், கண்ணுகளா. சொந்தப் பெயர் மறந்துபோகும் அளவுக்கு எல்லோருக்கும் அவள் சீட்டக்காதான். நாலாம் ஜன்னலுக்குப் போங்க, ஏழாம் ஜன்னலுக்குப் போங்க என்று ஊரையே அலைய வைத்தவள். அவளையும் ஒருநாள் இரண்டு ஜன்னல்கள் அலைய வைத்தன. அந்தக் கதைதான் இது.

அவளுக்கு ஒரே தங்கை. வீட்டில் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. வாயை மூடினால் வீட்டில் மின்சாரம் போய்விட்டதோ என்று பார்ப்பார்கள், அப்படிப் பேச்சு. இரண்டு விமானம் மாறிப் போகிற தூரத்தில், ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நோயாளி வாயைத் திறந்துகொண்டு கிடப்பார், இவள் பேசிக்கொண்டே இருப்பாள், எதிர்த்துப் பேச ஆளில்லை. அவளுக்கென்றே கடவுள் செய்து வைத்த வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்கு அவள், அவளுக்கு அக்கா.

அந்த ரேடியோவின் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள், காலை ஏழரைக்கு. அதற்குள் போய்ச் சேர்ந்து தங்கையின் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். சீட்டக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போனில் பேசிக்கொண்டால் போதாதா என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

"போன்ல சத்தம் மட்டும்தான் வரும். அவளுக்குப் புருவம் பேசும், விரல் பேசும். எல்லாம் சேந்ததுதான் அவ குரல்" என்று சொல்லிவிட்டு லீவு எழுதிக் கொடுத்தாள்.

டிக்கெட் போட்டது ரேடியோதான். அக்காவுக்கு எது வாங்கினாலும் அவள்தான் தன் போன் நம்பரைக் கொடுத்து வாங்குவாள். ஜன்னல் வேலையில் போனைத் தொடக்கூடாது என்று பழகிய அக்கா, வீட்டிலும் போனைத் தட்டுமுட்டுச் சாமான் மாதிரிதான் வைத்திருப்பாள். குறுஞ்செய்தி வந்தால் நாலு நாள் கழித்துப் பார்ப்பாள். அதனால் ஒரு பயண இணையதளத்தில், எல்லாத் தகவலும் தனக்கே வரும்படி ரேடியோ போட்டு வைத்தாள். ஒரே பக்கம், ஒரே தொகை, ஒரே தாள். ஒரே பயணம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். இரண்டு விமானமும் வேறு வேறு கம்பெனி என்பதோ, முதல் விமானம் தள்ளிப்போனால் அடுத்தது காத்திருக்காது என்பதோ தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், முதல் விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. பஸ் லேட்டாவதில்லையா, அதுபோல என்று இருந்துவிட்டாள். இறங்கிய இடத்தில் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகும் என்று நம்பி நடந்தவளை ஒரு காவலாளி நிறுத்தினார். பெட்டியை நாமே எடுத்து மறுபடி போட வேண்டுமாம். சுழல் பட்டை முன்னால் இருபத்தைந்து நிமிஷம் நின்றாள். விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. அந்தப் பெட்டியில்தான் தங்கைக்கு வாங்கிய வெள்ளைப் பலகை இருந்தது. நாளை முதல் அவள் எழுதித்தானே பேச வேண்டும்.

பெட்டியோடு ஓடிப்போய் இரண்டாம் கம்பெனியின் மேசையில் நின்றபோது மணி இரண்டு. அங்கே இருந்த பெண்ணுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வாசல் மூடிட்டாங்கம்மா. நீங்க வரலைன்னு பதிவாயிடுச்சு."

"அடுத்தது எப்போ?"

"சாயங்காலம் ஆறரை. காலைல அஞ்சு மணிக்கு இறங்கும். நாலு இடம் காலியா இருக்கு. ஆனா உங்க டிக்கெட்டை நான் தொட முடியாது. நீங்க வாங்கினது இணையதளத்துல. அவங்கதான் மாத்தணும்."

"அதை விட்டா?"

"நாளைக்கு மத்தியானம்."

நாளை மத்தியானம் போனால் ரேடியோ வெறும் பெட்டியாக இருக்கும்.

சீட்டக்கா மேசையை விட்டு நகரவில்லை, ஓரமாக ஒதுங்கி நின்றாள். இணையதளத்தின் எண்ணைக் கூப்பிட்டாள். இசை போட்டார்கள். இருபது நிமிஷம் கழித்து ஒரு பையனின் குரல், தேன் தடவிய மாதிரி.

"மேடம், முதல் விமான நேரம் மாறினது அஞ்சு நாள் முன்னாடியே உங்க நம்பருக்கு அனுப்பிட்டோம்."

எந்த நம்பர் என்று கேட்கத் தேவையில்லை. ரேடியோ ஆறு நாளாக மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறாள். போன் அலமாரியில் கிடக்கிறது.

"தம்பி, நேரத்தை மாத்தினது நானில்லையே. இப்ப இங்க என்ன செய்யணும்?"

"நாங்க இலவசமா மாத்தித் தரலாம் மேடம். ஆனா அந்தக் கம்பெனி சம்மதிக்கணும். அவங்களுக்குக் கோரிக்கை அனுப்பியாச்சு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள பதில் வரும்."

சீட்டக்கா ஜலதோஷக்காரியிடம் திரும்பினாள். "கோரிக்கை அனுப்பிட்டாங்களாம்."

"எனக்கு ஒண்ணும் வரலையேம்மா. மறுபடி அவங்களையே கேளுங்க."

விடாக்கண்டன் கொடாக்கண்டன் என்பார்களே, அங்கே இரண்டு பேருமே கொடாக்கண்டன். மூன்று முறை அங்கும் இங்கும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்கும்போது சீட்டக்காவுக்குத் தன் ஜன்னலே ஞாபகம் வந்தது. நாலாம் ஜன்னல் ஏழைச் சொல்லும், ஏழு நாலைச் சொல்லும். அப்படி அலைந்த எத்தனையோ பேரில் ஒரே ஒரு கிழவர்தான் ஜெயித்தார். இரண்டு ஜன்னலிலும் இருந்தவர்களைக் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டி வந்து, "இப்ப நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, நான் கேக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவரைத் திட்டியது இவள்தான்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, மேசைல இருக்கிற அம்மா பேசுறாங்க. அம்மா, சைட்டு தம்பி பேசுறார். நான் நடுவுல இல்ல. நீங்களே பேசிக்குங்க."

"அப்படிப் பேச எங்களுக்கு அனுமதி இல்ல மேடம்" என்றது போன்.

"எந்தச் சட்டத்துல இருக்குன்னு சொல்லு, எழுதிக்கறேன். உன் பேரும் சொல்லு." பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பேர் கேட்டுப் பேனாவைத் திறந்தால் எந்த ஜன்னலும் கொஞ்சம் குனியும். இருபத்தாறு வருஷம் குனிந்தவளுக்குத் தெரியாதா.

போன் தயங்கித் தயங்கித் தன் பேரைச் சொன்னது, அவள் எழுதிக்கொண்டாள். ஜலதோஷக்காரி தும்மிவிட்டு முன்னால் சாய்ந்தாள். "சார், கோரிக்கையை எங்க அனுப்பினீங்க? தலைமை அலுவலகத்துக்கா? அது அங்கேயே தூங்கும். டிக்கெட்டை ஏர்போர்ட்டுக்கு விடுவிச்சுக் குடுங்க. ரெண்டு நிமிஷ வேலை, நானே மாத்திக்கறேன்."

"அப்படி ஒரு வழி இருக்கா?" என்றது தேன் குரல், முதல்முறையாக மனுஷக் குரலாக.

"இருக்கு. மெனுவுல கீழ பாருங்க."

கொஞ்ச நேரம் தட்டும் சத்தம். "கிடைச்சுது. ஆனா பதிவு பண்ணின நம்பருக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு போகும். அதைச் சொன்னாத்தான் விடுவிக்க முடியும். பத்து நிமிஷம்தான் செல்லும்."

"தம்பி, நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதே. போனை வைக்கவும் வைக்காதே" என்றாள் சீட்டக்கா. "அம்மா, உங்க மேசை போனைக் கொஞ்சம் குடுங்க."

ஜலதோஷக்காரி மேலதிகாரியின் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை நகர்த்தி வைத்தாள்.

மருத்துவமனையின் பொது எண்ணைக் கூப்பிட்டால் பதிவுக் குரல்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். வார்டு எழுத்தரின் நேர் எண் எப்போதும் அனுமதிச் சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள். ரேடியோ சேர்ந்த அன்று அனுப்பிய சீட்டுப் படத்தில் சீட்டே தொழிலானவள் அதைப் பார்த்திருந்தாள், எழுதியும் வைத்திருந்தாள்.

"வணக்கம்மா. நானும் உங்களை மாதிரி சீட்டு எழுதறவதான், வேற ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் கட்டில்ல என் தங்கச்சி. அவ போனைக் கொஞ்சம் ஆன் பண்ணி அவ கையில குடுத்து, உங்க போன்ல என்கிட்ட பேச விடணும். ஷிப்டு மாறுற நேரம்னு தெரியும். மன்னிச்சுக்குங்க."

ஷிப்டு மாறும் நேரம் தெரிந்தவள் என்றதும் அந்தப்புறம் மனசு இளகிவிட்டது. செருப்புச் சத்தம் போயிற்று. பிறகு அந்தக் குரல் வந்தது, கரகரத்து, உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி.

"என்னக்கா, பிளேன்ல சீட் பெல்ட் போட வரலையா?"

"வாயை மூடு. உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். படி. தம்பி, இப்ப அனுப்பு."

"வந்துடுச்சு. ஆனா யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே. சொல்லலாமா?"

"பிறந்ததிலேர்ந்து எதையாவது யாருக்கும் சொல்லாம இருந்திருக்கியாடி? படி."

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டாள். வலித்திருக்கும். பிறகு செய்தி வாசிப்பது மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தாள். "நான்கு. பூஜ்யம். ஏழு. ஒன்று. ஒன்று. ஒன்பது. இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

சீட்டக்கா அதை அப்படியே ஸ்பீக்கரில் இருந்த தன் போனில் சொன்னாள். அந்தப்புறம் தட்டும் சத்தம். இந்தப்புறம் ஜலதோஷக்காரியின் திரையில் ஏதோ மாறியது.

"வந்துடுச்சும்மா" என்றாள். ஆறரை விமானத்துக்கு ஒரு சீட்டு அச்சாகி வந்தது. பெட்டியையும் அவளே தூக்கி எடை மேடையில் வைத்தாள்.

"ஜலதோஷத்துக்கு ஆவி பிடிங்க" என்றாள் சீட்டக்கா. வேறு நன்றி சொல்ல வரவில்லை. போனில் இருந்த பையனிடம் மட்டும், "உன் பேரை அடிச்சுட்டேன் தம்பி, போ" என்றாள்.

விடிகாலை ஐந்தேமுக்காலுக்கு மருத்துவமனை வாசலில் நின்றாள். பார்வையாளர் நேரம் எட்டு மணிக்குத்தான். ஆனால் வரவேற்பில், உள்ளே விடச் சொல்லி அவள் பெயரில் ஒரு சீட்டு மடித்து வைத்திருந்தது. முந்தின நாள் செருப்புச் சத்தத்தோடு நடந்த அந்த எழுத்தர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். சீட்டின் அருமை சீட்டு எழுதுகிறவளுக்குத்தான் தெரியும்.

தயார் செய்ய ஆறரைக்கே கூட்டிப் போய்விடுவார்கள், மிச்சம் இருந்தது நாற்பது நிமிஷம். ரேடியோ என்ன பேசினாள் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, கண்ணுகளா. பெட்டிக்காக இருபத்தைந்து நிமிஷம் நின்றதற்குத் திட்டினாள். பல் டாக்டர் தனக்குப் பல்வலி வந்தால் இன்னொரு டாக்டரிடம் ஒளிந்து போவதைச் சொன்னாள். பன்னிரண்டு வயசில் அக்காவின் ரிப்பனைத் தொலைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். புருவம் ஏறி இறங்கியது, விரல் காற்றில் கோலம் போட்டது. சீட்டக்கா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒருத்தர் சொல்வதை முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

தள்ளுவண்டி வந்தது. கதவுவரை ரேடியோ பேசிக்கொண்டே போனாள். கடைசியாகக் காதில் விழுந்தது, "அந்த ரிப்பன் நீலம் இல்லக்கா, பச்சை" என்பதுதான்.

மறுநாள் மத்தியானம் கண் நன்றாகத் தெளிந்தது. கழுத்தில் குழாய், முகம் வெளுத்திருந்தது. கை மட்டும் எதையோ தேடியது. சீட்டக்கா வெள்ளைப் பலகையை மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். ரேடியோ மெதுவாக எழுதினாள். முதலில் ஆறு எண்கள். நான்கு, பூஜ்யம், ஏழு, ஒன்று, ஒன்று, ஒன்பது. அதற்குக் கீழே ஒரு வரி.

யாருக்கும் சொல்லாதே.

புருவம் ஒன்று மேலே ஏறியது. சீட்டக்காவுக்கு அந்தக் குரல் நன்றாகவே கேட்டது.