ஈனிட்டின் வெள்ளிக்கிழமை உபவாசம்

ஈனிட்டுக்குப் பொய் சொல்ல வராது என்று புனே வானவடித் தமிழ்ச் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வினையே அங்கேதான். வாயைத் திறந்தாலே பொய் சொல்கிறவள் இன்னொன்றைச் சேர்த்துச் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார்கள். ஈனிட் சொன்னது ஒன்றே ஒன்று. அதைச் சபையே முழங்கால் போட்டு நம்பியது.

சொன்னது புருஷன் ஜோசப்ராஜிடம். "ரெனிட்டாவுக்கு ஒரு பிள்ளை கெடைக்கணும்னு பொருத்தனை பண்ணிருக்கேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். கர்த்தர் குடுக்குற வரைக்கும் அவ ரூம்லதான் தனியாப் படுப்பேன்." ரெனிட்டா அவர்களுடைய ஒரே மகள். கல்யாணமாகிக் கோந்த்வாவில் மாமனார் மாமியாரோடு இருக்கிறாள்.

பிள்ளை பேரைச் சொல்லி ஏன் அப்படி ஒரு பொய்? வலி. வேறென்ன.

ஐம்பது தாண்டியதும் ஈனிட்டுக்கு மாதவிலக்கு நின்றது. விட்டது சனியன் என்று முதலில் சந்தோஷம்தான் பட்டாள். நாள் முழுக்க நின்றுகொண்டே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற டீச்சருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் கொஞ்ச நாளிலேயே உடம்பு வேறு வேலையைக் காட்டியது. கீழே வறண்டு போனது. முதலில் அரிப்பு, அப்புறம் எரிச்சல், ஒன்றுக்குப் போனால் சுள்ளென்று ஒரு வலி. நடந்தால்கூடத் துணி உரசியது. ஜோசப்ராஜ் பக்கத்தில் வந்தாலோ, உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் உள்ளாடையில் ரத்தப் பொட்டு.

அசுத்தம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள், பாவி. கை கழுவு, கிருமி போகும் என்று வருஷக்கணக்காகப் பாடம் நடத்திய புத்தி அப்படித்தானே போகும்? காயம் பட்டால் போடும் கிருமிநாசினியை வெந்நீரில் ஊற்றி, காலையும் மாலையும் அங்கே கழுவினாள். எரிந்தது. எரிந்தால் கிருமி சாகிறது என்று அர்த்தமாம்! கழுவக் கழுவ இன்னும் வறண்டது, இன்னும் வெடித்தது. இவள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக் கழுவினாள்.

யாரிடம் போய்ச் சொல்வாள்? காய்க்காரியோடு பேரம் பேச மராத்தி இருந்தது, ரிக்ஷாக்காரனோடு சண்டை போட இந்தி இருந்தது, ஜெபம் பண்ணத் தமிழ் இருந்தது. இதைச் சொல்ல மட்டும் எந்த பாஷையிலும் அவள் வாயில் ஒரு வார்த்தை இல்லை. 'அங்க' என்பாள், அதுவும் மனசுக்குள்.

ஜோசப்ராஜ் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். போசரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிடையர் ஆனவர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. வேலை ஓய்ந்தபின் பொழுது போகாமல் பெண்டாட்டி பின்னாலேயே சுற்றினார். ஒரு தடவை ஈனிட் மென்று முழுங்கி, "வலிக்குதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "இத்தனை வருசமா வலிக்காதது இப்ப என்ன புதுசா?" என்று கேட்டார், முகம் சுண்டிப்போய்விட்டது. தன்னைப் பிடிக்கவில்லை என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். வலி அவளுக்கு, வருத்தம் இவருக்கு! அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் வந்தன. அந்த வீட்டில் லெந்து காலம் முழுக்கக் கறி மீன் கிடையாது, புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகத்தான் படுப்பார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். ஈனிட் ஜென்மத்தில் அப்படி ஒரு நல்ல லெந்தை அனுபவித்ததில்லை. பயமில்லாமல் தூங்கினாள். சபையில் எல்லோரும் ஈஸ்டருக்குக் காத்திருக்க, இவள் மட்டும் அது வராமலே போகாதா என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்ட தட்டை எடுக்கும்போதுதான் அந்தப் பொருத்தனையை ஒரே போடாகப் போட்டாள்.

ஜோசப்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானும் உன்கூட உபவாசம் இருக்கேன் ஈனிட்" என்றார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மனுஷன்! வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையானால் வெறும் வயிற்றோடு கை நடுங்க வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஈனிட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அதோடு விட்டாரா? பாஸ்டரம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா அதைக் கண் காது மூக்கு வைத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகவே வாசித்துவிட்டார். "நம்ம ரெனிட்டாவோட கர்ப்பத்தை ஆண்டவர் திறக்கணும். பெத்த தாய் எல்லாத்தையும் வெறுத்து உபவாசம் இருக்கிறாங்க." கூட்டம் முழுக்க "ஆமென்" என்றது. அப்போதே, இல்லை, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஈனிட் முக்காட்டை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி அதே பாயில் உட்கார்ந்திருந்தது வயலெட். ரெனிட்டாவின் மாமியார்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ரெனிட்டா வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மம்மி, எனக்கு பேபி வராதுன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் அவளுக்குத் தட்டித் தடுமாறித்தான் வரும். கோபத்தில் அதுவும் பாதி இந்தியாகிவிடும். அவள் கொட்டியதில் ஈனிட்டுக்குப் புரிந்தது இவ்வளவு: இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்று அவளும் புருஷன் லிபினும் பேசி முடிவு செய்து, அவள் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறாள். வயலெட்டுக்கு அது தெரியாது. வயலெட்டுக்குத் தெரிந்ததெல்லாம், பெற்றவளே உபவாசம் இருக்கிற அளவுக்குப் பெண்ணிடம் ஏதோ குறை இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்து மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்பது. காலையில் காப்பியில் ஆரம்பித்து ராத்திரி விளக்கணைக்கிற வரைக்கும் அதே பேச்சு. இப்போது மாமனார் தங்கராஜ், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டரிடம் போகப் போகிறாராம், ஏமாற்றிச் செய்த கல்யாணத்தை ரத்து பண்ண வழி இருக்கிறதா என்று கேட்க.

"லிபின் என்ன சொல்லுதான்?"

"அவன் என்ன சொல்வான்? டேப்லட் மேட்டர் சொன்னா அவன் அம்மாக்கு அட்டாக் வருமாம். சும்மா போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான்."

ஈனிட் மகள் கையைப் பிடிக்கப் போனாள். ரெனிட்டா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உனக்காக இல்ல ரெனி" என்றாள் ஈனிட். "எனக்காகத்தான். எனக்கு... அங்க வலிக்குது. மாசம் நின்னதுல இருந்து. உங்கப்பாகிட்டச் சொல்ல முடியல. தள்ளிப் படுக்க ஒரு காரணம் வேணும்னு..."

ரெனிட்டா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "இதுக்கு என் பேர்தான் கிடைச்சுதா?" என்றாள். அதற்குமேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஈனிட்டுக்குத் தாங்கியிருக்கும்.

அன்று சாயங்காலமே அம்மாவைப் பெண்கள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வைஷாலி பரிசோதித்துவிட்டு இந்தியில் நிதானமாகச் சொன்னார். மாதவிலக்கு நின்றதும் உடம்பில் ஹார்மோன் குறைகிறது, அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது, எத்தனையோ பெண்களுக்கு வருகிறது. அழுக்கும் இல்லை, கிருமியும் இல்லை. அந்த மருந்துத் தண்ணீரை முதலில் தூக்கிப் போடுங்கள். ரத்தம் பட்டதால் எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், அதில் ஒன்றும் இல்லையென்றால் உள்ளே தடவ ஒரு கிரீம் தருகிறேன், சில வாரத்தில் வித்தியாசம் தெரியும். புருஷனோடு இருக்கும்போது வழுக்கலுக்கு ஒரு ஜெல். இவ்வளவுதான்.

இவ்வளவுதானா! ஈனிட் அந்த நாற்காலியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். ஒரு டியூப் மருந்தில் தீர்வதற்கா இத்தனை நாள் எரிந்து செத்தோம், இதற்கா பெற்ற மகள் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டோம் என்று நினைக்க நினைக்க நிற்கவில்லை.

"இப்ப டாக்டர்கிட்ட சொன்னீங்கல்ல" என்றாள் ரெனிட்டா, ரிக்ஷாவில் வரும்போது. "அதை என் மாமியார்கிட்ட வந்து சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த கிரீமைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் ஈனிட் ஜோசப்ராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அவர் டியூபைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு வலிக்குதுன்னு சொன்னது?"

"நெசமாத்தான் சொன்னேன்."

ஜோசப்ராஜ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது அவள் பார்த்ததேயில்லை. "நான் மிருகம் மாதிரி இருந்துட்டேனே" என்றார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே போவோம், நானும் வாரேன். நானே சொல்லுதேன். எம் பிள்ளை வாழ்க்கைல்லா" என்றார். எத்தனையோ மாதங்களுக்கு அப்புறம் ஈனிட்டுக்கு அந்த மனுஷன் மேல் ஆசையாக இருந்தது. அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கோந்த்வா வீட்டு ஹாலில் தங்கராஜ் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். லிபின் ஒரு மூலையில் போனோடு. ரெனிட்டா கிச்சன் வாசலில் நின்றாள். வயலெட் டீயைக் கொண்டுவந்து 'ணங்'கென்று வைத்தாள்.

"மைனி, ஒங்ககிட்டத் தனியா ஒரு விசயம் பேசணும்" என்றாள் ஈனிட்.

"இங்க யாரு அந்நியம்? இங்கனயே சொல்லுங்க."

ஈனிட் ஜோசப்ராஜைப் பார்த்தாள். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, பெண்பிள்ளை விஷயத்தை நாமே ஆரம்பிப்போம், பின்னால் அவர் பேசுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

"ரெனிட்டாவுக்கு ஒரு குறையும் கெடையாது மைனி. நான் உபவாசம் இருந்தது அவளுக்காக இல்ல. மாசம் நின்ன பெறவு எனக்குக் கீழ வறண்டுபோச்சு. இவியகூடப் படுத்தா உசுரு போற மாதிரி வலி. ரத்தம் வருது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, பிள்ளை பேரைச் சொல்லித் தள்ளிப் படுத்தேன். டாக்டர்கிட்டக் காட்டியாச்சு, மருந்தும் குடுத்திருக்காங்க. தப்பு பூரா என்மேலதான்."

தங்கராஜ் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். லிபின் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். வயலெட் மட்டும் சிரித்தாள்.

"மகளைக் காப்பாத்த ஒரு தாய் என்ன பொய் வேணும்னாலும் சொல்லுவா மைனி, அது எனக்கும் தெரியும். அதுக்குன்னு இப்படியா? நமக்கு என்ன வயசு? இந்த வயசுல யாரு அதெல்லாம் வெச்சிருக்கா? வலியாம், மருந்தாம். எனக்கெல்லாம் அப்படி..." அந்த இடத்தில் வயலெட்டின் குரல் ஒரு கணம் தடுக்கியது. ஈனிட் அதைக் கவனித்தாள். வயலெட் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "எனக்கெல்லாம் அப்படி ஒண்ணும் இல்ல. வேற நல்ல பொய்யாப் பாத்துச் சொல்லிருக்கலாம்."

"பொய் இல்ல மைனி. இவியகிட்டயே கேளுங்க."

எல்லோரும் ஜோசப்ராஜைப் பார்த்தார்கள். தங்கராஜ் பேப்பரை மெல்லக் கீழே இறக்கினார். மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு இருந்தது.

"என்ன சம்பந்தி? அப்படியா சங்கதி?"

ஜோசப்ராஜின் கழுத்து வியர்த்தது. கைக்குட்டையை எடுத்தார், துடைத்தார், மடித்தார், திரும்பவும் பையில் வைத்தார். கிச்சன் வாசலில் ரெனிட்டா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சேச்சே" என்றார் ஜோசப்ராஜ். "எங்களுக்குள்ள அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது. நல்லாத்தான் இருக்கோம். அவ... பிள்ளைப் பாசத்துல ஏதோ உளறுதா."

"பாத்தியளா?" என்றாள் வயலெட், எல்லோருக்கும் பொதுவாக. "ஞாயித்துக்கிழமை பாஸ்டர் வீட்டுல பேசிக்கிடுவோம்."

ரெனிட்டா அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

கீழே பார்க்கிங்கில் ஜோசப்ராஜ் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நின்றார். ஈனிட் ஏறாமல் அவரைத் தாண்டி கேட் பக்கம் நடந்தாள். அவர் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

"ஏட்டி, அந்த ஆள் சிரிச்சதைப் பாத்தேல்லா? அவன் முன்னாடி நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஈனிட் நின்றாள்.

"நான் சொன்னேம்லா" என்றாள்.